நடுவில் மாற்றிய மூன்று எழுத்துகள்

திங்கட்கிழமை காலை ராஜபாளையத்தில் எங்கள் கல்லூரி ஆய்வகத்தைத் திறந்துகொண்டிருந்தபோது ராமலட்சுமியின் தம்பி போன் செய்தார். "அக்கா போயிட்டாக சார்." இரண்டு வருடமாகச் சிறுநீரகக் கோளாறு. எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். எழ மனமில்லை.

ராமலட்சுமி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் ஆய்வகத்துக்குப் பஸ்ஸில் வருவார். பதினோரு வருடம் சேர்ந்து வேலை பார்த்தோம். புற்றுநோய் செல்களில் ஒரு மரபணுவைச் சிறிய ஆர்.என்.ஏ. துண்டால் அடக்கிப் பார்ப்பது எங்கள் சோதனை. துண்டைச் செலுத்தினால் செல்கள் மடிந்தன. ஒப்பீட்டுக்காக, அதை அமைக்கும் வேதி எழுத்துகளைத் தாறுமாறாகக் கலைத்த இன்னொரு துண்டைச் செலுத்தினோம், செல்கள் பிழைத்தன. அந்த மரபணு இல்லாமல் செல்கள் வாழாது என்று கட்டுரை எழுதிவிட்டேன்.

ராமலட்சுமி ஒப்பவில்லை. "கலைச்சுப்போட்டா அது வேற துண்டுல்லா சார்? நம்ம துண்டு மாதிரியே இருக்கணும், மரபணுவை மட்டும் அடக்கக் கூடாது. அதுதான் கன்ட்ரோல்."

அவரே ஒன்றை வடிவமைத்தார். எங்கள் துண்டின் நடுவில் மூன்று எழுத்துகளை மட்டும் மாற்றினார். அது மரபணுவை அடக்கவில்லை. ஆனால் செல்கள் அதிலும் அதேபோல் மடிந்தன. அப்படியென்றால் எங்கள் துண்டு செல்லில் வேறெதையோ தாக்கியிருக்கிறது. மரபணுவுக்கும் அந்தச் சாவுக்கும் சம்பந்தமே இல்லை.

"மூணு வருஷ உழைப்பு! கட்டுரைய அனுப்பிட்டுப் பொறவு பாப்போம்" என்று கத்தினேன்.

"அனுப்புறதுன்னா என் பேரை எடுத்துருங்க சார்."

ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. பிறகு கட்டுரையைக் கிடப்பில் போட்டேன்.

அடுத்த வருடம் மதுரையில் ஒரு கருத்தரங்கு. ஏன் நிறுத்தினேன் என்று மேடையில் சொல்லும்போது, "எனக்கே ஒரு சந்தேகம் வந்தது" என்று வாயில் வந்துவிட்டது. என் நேர்மையைப் பாராட்டினார்கள். மூன்றாவது வரிசையில் இருந்த ராமலட்சுமியும் கைதட்டினார்.

திரும்பும்போது பஸ்ஸில் மெல்லச் சொன்னேன்: "உங்க பேரைச் சொல்லிருக்கணும்."

"சொல்லிருக்கலாம் சார்." ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டார். "அசதியா இருக்கு. செத்த நேரம் தூங்குதேன்."

ஸ்ரீவில்லிபுத்தூர் வந்ததும் எழுந்து இறங்கிப் போனார். அதைப் பற்றி நாங்கள் மறுபடி பேசவே இல்லை.

அவரை அறிந்து இன்று அஞ்சலிக்கு வந்திருக்கும் உங்களிடம் இப்போது சொல்கிறேன். அந்தத் துண்டை வடிவமைத்தவர் அவர். கட்டுரையை நிறுத்தியவரும் அவரே. நேர்மையானவன் என்று எனக்கு வெளியில் ஒரு பெயர் இருக்கிறது. அவருடையதாக என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பெயர்தான். திருப்பிக் கொடுக்க இனி ஆள் இல்லை.