ஆணி இறங்காத வீடு

திருவிடந்தையில் கடலைப் பார்த்து ஒருவருக்காக நான் வடிவமைத்துக் கட்டிய வீட்டில் நேரான சுவரே கிடையாது. சங்கு மாதிரி சுருண்டு எழும் வெறும் காங்கிரீட். அது காயாமல் மூன்று வேளையும் தண்ணீர் பீய்ச்ச ஓர் அம்மா வருவார். கறுத்து மெலிந்த உடம்பு, புடவைமேல் ஆண் சட்டை. சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியில்தான் சோற்றுப்பையை மாட்டுவார். அதை வெட்டிவிட்டால் அடுத்த கம்பியைத் தேடிப் போவார்.

கடைசிக் கம்பியையும் வெட்டிய அன்று, பையும் கையுமாக என்னிடம் வந்தார்.

"இன்னா சார், ஒரு ஆணி அடிக்க எடமில்ல. செத்தவங்க போட்டோவ எங்க மாட்டுவாங்க?"

"இந்த வீட்டுல ஆணியே கூடாதும்மா. டிசைனே அதான்" என்றேன் பெருமையாக.

"எங்க வூட்டுக்காரரு செவுத்துலதான் கீறாரு. தெனம் அவராண்ட சொல்லிட்டுதான் வேலைக்கு வர்றேன்" என்றார். சொல்லிவிட்டுத் தண்ணீர்க் குழாயை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பேர்கூட நான் கேட்டுவைக்கவில்லை.

சிறுசேரியில் என் சொந்த ஃப்ளாட்டின் உட்சுவர்களையும் கண்ணாடியாக்கியிருந்தேன். போன வருஷம் மனைவி இறந்துபோனாள். அவள் படம் மேஜை டிராயருக்குள் மல்லாந்து கிடக்கிறது. இப்போதெல்லாம் காலையில் டிராயரைத் திறந்து, "போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிடுகிறேன். மூடத்தான் கை வருவதில்லை.