மணலில் ஊற்றிய கஞ்சி

நம்முடைய செபக்குழுவில் இத்தனை ஆண்டுகளாக மற்றவர்களின் சாட்சிகளைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன். என்னுடையதையும் சொல்லும்படி பலமுறை கேட்டீர்கள். தொண்டை சரியில்லை என்று தப்பினேன். தொண்டை நன்றாகத்தான் இருந்தது, வெட்கம்தான் தடுத்தது. ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்வதென்றால் நான் செய்ததையும் சொல்லியாக வேண்டும். இனியும் தள்ளிப்போட என் வயது இடம் தராது.

1992ஆம் ஆண்டு ஆடி மாதம் எனக்குச் சிறுநீர் நின்றுபோயிற்று. நிற்பதற்கு முன் அது கறுத்துப் போனது, பால் விடாமல் சாயம் கூடிய பிளேன் ரீயைப் போல. அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் இருந்தார்கள். யாரோ எனக்கு நஞ்சு வைத்துவிட்டார்கள் என்று முழுமனதாக நம்பினேன். யாரோ என்றா சொன்னேன்? அதுவும் பொய். என் மனைவி றீற்றாவின் தம்பி பேனாட்டைத்தான் நம்பினேன்.

நான் சண்டிலிப்பாயில் சொந்த நிலத்தில் பயிர் செய்யும் ஒரு தோட்டக்காரக் குடும்பத்தில் பிறந்தவன். பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்து ஆசிரியரானேன். கடற்கரைக் குருநகரில் றீற்றாவைக் கண்டு விரும்பி, ஞானஸ்நானம் பெற்று, அவளுடைய வீட்டோடு வந்து சேர்ந்தேன். யார் வீட்டில் கை நனைக்கலாம், யார் வீட்டில் கூடாது என்று என்னைப் பெற்றவர்கள் சிறு வயதிலேயே சொல்லித் தந்திருந்தார்கள். கடற்கரை வீடுகள் கூடாத பக்கத்தில் இருந்தன. அந்தப் பழக்கத்தைத் திருமணத்தோடு விட்டுவிட்டேன் என்றே எண்ணியிருந்தேன்.

அந்த ஆண்டு யுத்தத் தடையால் கடலுக்குப் போக வழியில்லாமல் எங்கள் பகுதி ஆண்கள் கரையில் குந்தியிருந்தார்கள். ஆழமில்லாத பரவைக்கடலில் கொஞ்சம் இறால், கொஞ்சம் நண்டு. அவ்வளவுதான். சும்மா இருக்கிற இளைஞர்களுக்காகக் கோவில் திருவிழாவோடு ஒரு பலசாலிப் போட்டி நடத்த விளையாட்டுக் கழகம் முடிவு செய்தது. அப்படியொன்று எங்கள் பக்கத்தில் அதுவே முதல் தடவை. ஈரமணல் நிரப்பிய உரப்பையைத் தோளில் சுமந்து ஓடுவது, பழைய லொறி அச்சைத் தலைக்கு மேலே தூக்குவது, கடைசியாக லொறியை இழுப்பது. டீசல் இல்லாமல் எங்கள் ஒழுங்கை முகப்பில் ஒரு லொறி மாதக்கணக்காய் நின்றது. கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு அதைத் தனியாளாக இழுக்கவேண்டும். வென்றவருக்கு ஒரு கிண்ணம் பரிசு.

பேனாட் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தான். அவனைப் பார்த்து நானும் கொடுத்தேன். கரையில் ஒரே சிரிப்பு.

"மாஸ்டருக்குக் கரும்பலகையிலை எழுதிற வெண்கட்டி தூக்கிற போட்டி வேறையா வைப்பம்!" என்றான் ஒருவன்.

"அச்சைத் தூக்கேக்கை இடுப்புச் சாரத்தை ஆர் பிடிக்கிறது?" என்றான் இன்னொருவன்.

பேனாட் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தான். "என்ரை அத்தானை ஒருத்தரும் பகிடி பண்ணக்கூடாது. நான் பழக்கிறன் பாருங்கோ," என்றான். மற்றவர்களின் சிரிப்பு எனக்கு மறந்துபோயிற்று. அவனுடைய சிரிப்பு மட்டும் உள்ளே தங்கிவிட்டது.

விடியற்காலையும் பள்ளிக்கூடம் விட்ட பிறகும் இருவரும் சேர்ந்து போட்டிக்குப் பழகினோம். ஒரு மாதத்துக்குள் உரப்பை ஓட்டத்தில் நான் அவனைப் பிடித்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் அவன் எனக்குக் கஞ்சி கொண்டுவரத் தொடங்கினான். முதலில் நான் அதைக் கவனிக்கவில்லை. பிறகு அதைத் தவிர வேறொன்றையும் கவனிக்கவில்லை. பழஞ்சோற்றுத் தண்ணீரும் உப்பும் கரைத்த கஞ்சி. அடியில் மஞ்சளாகச் சில மணிகள் கிடக்கும். குடித்தால் நாக்கில் கைப்பு நிற்கும்.

"நீ குடிக்கேல்லையோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நான் அப்பவே குடிச்சிட்டன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு குடியுங்கோ அத்தான். லொறி தன்ரை பாட்டிலை ஓடிவரும்."

அவன் கண்கள் என்னைப் பார்க்கவில்லை. வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான்.

அந்த நாட்களில்தான் என் பெரியப்பாவின் மகன் தம்பித்துரை அண்ணை சண்டிலிப்பாயிலிருந்து சைக்கிளில் மரக்கறி கொண்டுவந்தார். என்னைக் கண்டதும் முகம் மாறிவிட்டது.

"என்னடா, கண் ரண்டும் உள்ளுக்கை போட்டுது?"

"பழகிறன் அண்ணை. களைப்புத்தான். பேனாட் கஞ்சி காய்ச்சித் தாறவன்."

"உவன் பேனாட்டும் போட்டிக்கு நிக்கிறானோ?"

"ஓம்."

"போட்டிக்கு நிக்கிறவன் உனக்கேன் கஞ்சி காய்ச்சித் தாறான்? படிச்ச உனக்கு நான் சொல்லவேணுமே?"

அவர் போன பிறகு அந்தக் கேள்வி என்னோடு இருந்தது. என் தொடைகள் இறுகி வலித்தன. அரைவயிற்றுச் சாப்பாட்டோடு லொறி இழுத்தால் அப்படித்தான் வலிக்கும் என்று என் படிப்பு சொல்லியிருக்கவேண்டும். படிப்பு வாய் திறக்கவில்லை. றீற்றாவும் பேனாட்டும் அடுப்படியில் இரகசியமாகக் கதைப்பதைக் கண்டேன். நான் போனால் பேச்சு நின்றுவிடும். றீற்றா உடனே சட்டிபானையைக் கழுவத் தொடங்குவாள். என் மனைவியையும் சந்தேகப்பட்டேன். அவள் ஊற்றித் தந்த தேத்தண்ணீரைக்கூட முகர்ந்து பார்த்தேன்.

கஞ்சியை வாங்கி, குடிப்பதுபோலப் பாவனை செய்து, லொறிச் சில்லுக்குப் பின்னால் மணலில் ஊற்றினேன். ஒரு காகம் வந்து அதைக் கொத்தியது. அது சாகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். காகம் பறந்துபோனது. காகத்துக்கு வேலை செய்யாத மருந்துபோலும் என்று நினைத்தேன். ஒரு விலங்கியல் ஆசிரியர் அப்படி நினைத்தார்.

உணவில் யாரோ இட்ட மருந்தை வெளியே எடுக்கிறவர் ஒருவர் அச்சுவேலிப் பக்கம் இருப்பதாகத் தம்பித்துரை அண்ணை சொல்லியிருந்தார். கழுத்துச் சங்கிலியிலிருந்த சுரூபப் பதக்கத்தைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு அங்கே போனேன். அந்த மனிதர் வெற்றிலையில் எண்ணெய் தடவிப் பார்த்தார்.

"உள்ளுக்கை கிடக்குது தம்பி. வீட்டு ஆக்கள்தான் போட்டது," என்றார்.

ஒரு கசாயம் தந்தார். அது வாயாலும் போனது, வயிற்றாலும் போனது. உடம்பில் ஒரு சொட்டு ஈரம் மிஞ்சவில்லை. மருந்து முழுக்க இறங்கும்வரை அந்த வீட்டுத் தண்ணீர்கூட வாயில் படக்கூடாது என்று சொல்லி அனுப்பினார். அந்த வீடு என் வீடு.

திரும்பும் வழியில் எங்கள் கோவிலுக்குள் போனேன். அங்கே நான் செய்த செபத்தை இன்றும் மறக்கவில்லை. "ஆண்டவரே, எனக்குக் கேடு செய்கிறவன் யாரென்று எல்லோருக்கும் முன்னால் காட்டித் தாரும்." முழந்தாளில் நின்று, கண்ணீரோடு கேட்டேன். அவர் கேட்டுக்கொண்டார்.

அடுத்த நாட்களில் பள்ளிக்கூடக் கிணற்றில் கொஞ்சம் குடிப்பேன், அவ்வளவுதான். ஆனால் பழகுவதை விடவில்லை. விட்டால் பேனாட் வென்றுவிடுவானே. சோளகக் காற்று மண்ணை அள்ளி வீசிய ஒரு காலை, லொறியை எங்கள் ஒழுங்கையிலிருந்து கோவில் வளவு வரைக்கும் இழுத்தேன். பேனாட் கைதட்டிக்கொண்டு பின்னால் வந்தான். அன்று மாலை சிறுநீர் கறுத்தது. மறுநாள் விடிய எழும்பி வேலியோரம் போனேன், ஒன்றும் வரவில்லை. தொடைகள் மரக்கட்டைபோல் இறுகிக் கிடந்தன. நஞ்சு வேலை செய்துவிட்டது என்று நினைத்துக்கொண்டே விழுந்தேன்.

கண் திறந்தபோது தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தேன். பேனாட் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆசுபத்திரிக்கு ஓடிக்கொண்டிருந்தான். வாகனம் என்று ஒன்று ஓடாத காலம். சைக்கிளில் வைத்தால் நான் சரிந்து விழுந்தேனாம். அவன் முதுகின் வியர்வை என் முகத்தில் பட்டது. பின்னால் றீற்றா அழுதுகொண்டு வருவது கேட்டது. அவன் தோளில் கிடந்துகொண்டே, "ஆண்டவரே, இவன் கையிலிருந்து என்னைக் காப்பாற்றும்," என்று செபித்தேன். என்னை முடித்துவிட எங்கோ கொண்டுபோகிறான் என்று நினைத்தேன்.

ஆசுபத்திரியில் கட்டில் இல்லை. நிலத்தில் பாயில் கிடத்தினார்கள். டொக்டர் குனிந்து என்ன நடந்தது என்று கேட்டார். வார்ட் முழுக்கக் கேட்கும்படி பேனாட்டைக் கை நீட்டிக் காட்டினேன்.

"உவன்தான் டொக்டர். கஞ்சிக்குள்ளை நஞ்சு வைச்சவன்."

றீற்றா வாயைப் பொத்திக்கொண்டாள். டொக்டர் பேனாட்டைப் பார்த்தார்.

"என்ன குடுத்தனீர்?"

"பழஞ்சோத்துத் தண்ணி, உப்பு... உடம்புச் சூட்டுக்கு வெந்தயம் ஊறவைச்சுப் போட்டனான் டொக்டர்."

டொக்டர் என் தொடையை அழுத்திப் பார்த்தார். வேறென்ன குடித்தாய் என்று என்னை நோண்டி நோண்டிக் கேட்டார். கசாயத்தைச் சொன்னேன். கஞ்சியை மணலில் ஊற்றியதையும் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"உவர் தந்ததைக் குடிச்சிருந்தால் நீர் இஞ்சை வந்திருக்கமாட்டீர். தண்ணியில்லாமல் லொறி இழுத்துத் தசை கிழிஞ்சு, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைச்சுப்போட்டுது. என்ன வேலை பாக்கிறீர்?"

"விலங்கியல் படிப்பிக்கிறன்."

சிறுநீரகத்தைக் கரும்பலகையில் எத்தனையோ தடவை வரைந்த கை இது.

இரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரம் அங்கே இல்லை, கொழும்புக்கு அனுப்பவும் வழியில்லை என்று டொக்டர் றீற்றாவை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். சேலைன் ஏற்றுவோம், சிறுநீர் வந்தால் பிழைப்பார் என்றாராம். அவள் உள்ளே வந்து என் பக்கத்தில் இருந்தாள்.

"அடுப்படியிலை உன்னோடை என்ன கதைச்சவன்?" என்று கேட்டேன். அப்போதும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை.

"அரிசி முடிஞ்சுது எண்டு கதைச்சது. தன்ரை பங்குச் சோத்தை உங்களுக்குக் கஞ்சிக்கு வைக்கச் சொன்னவன். அத்தான் அறிஞ்சால் குடிக்கமாட்டார், சொல்லாதையுங்கோ எண்டவன்."

அன்று முழுவதும் சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தேன். கோவிலில் நான் கேட்ட செபம் நினைவுக்கு வந்தது. எல்லோருக்கும் முன்னால் காட்டித் தரும்படி கேட்டிருந்தேன். ஒரு வார்ட் நிறைந்த சனத்துக்கு முன்னால் அவர் காட்டிவிட்டார். எனக்குக் கேடு செய்தவன் நான்தான். இரண்டாவது செபம் மிகச் சிறியது. "ஆண்டவரே, கண்டுகொண்டேன். பிழைக்க விடும், அவனிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும்." வேறொன்றும் கேட்க எனக்கு முகமில்லை.

அதற்கு மறுநாள் மத்தியானம் சிறுநீர் வந்தது. கறுப்பாய், கொஞ்சமாய். பிறகு இன்னும் கொஞ்சம். போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்ற பேனாட் அதை உயர்த்தி எல்லோருக்கும் காட்டினான். "அத்தான் வெண்டிட்டார்! கிண்ணம் நிரம்புது!" பக்கத்துப் பாயில் கிடந்த கிழவர் கைதட்டினார். தாதி சிரிப்பை அடக்கிக்கொண்டு போத்தலைப் பறித்தார். நான் அழுதேன்.

திருவிழாவும் போட்டியும் அந்தக் கிழமைக்குள்ளேயே முடிந்துவிட்டன. பாசையூர்ப் பெடியன் ஒருவன் கிண்ணத்தை எடுத்தான். பேனாட் கோவில் பக்கமே போகவில்லை, என்னுடைய பாயடியில்தான் இருந்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு அவனைக் கூப்பிட்டு இருத்தினேன். வார்ட்டில் சொன்னது மயக்கத்தில் உளறியது என்று அவன் எடுத்துக்கொண்டிருக்கலாம். அப்படி விட்டுவிட எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ஆண்டவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

"பேனாட், நான் உன்னை நஞ்சுக்காரன் எண்டு நினைச்சுத்தான் இருந்தனான். கஞ்சியை மண்ணிலை ஊத்தினனான்."

"தெரியும் அத்தான்."

"எப்ப தெரியும்?"

"முதல் நாளே கண்டனான். லொறிக்கு அங்காலை நிண்டனான்."

"பிறகும் ஏன் தந்தனி?"

அவன் கால்விரலால் மண்ணைக் கிளறினான். "ஒருநாள் தாகத்திலை மறந்தெண்டாலும் குடிச்சிடுவியள் எண்டு."

சகோதரங்களே, ஆண்டவர் என்னிடம் எப்படி நடந்துகொண்டார் என்பதை அந்த ஒரு சொல்லில்தான் விளங்கிக்கொண்டேன். நான் ஊற்றிவிடுவேன் என்று தெரிந்துகொண்டும் அவர் தந்துகொண்டிருந்தார்.

நான் முழுதாக மாறிவிட்டேன் என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். இந்த வயதிலும் சந்தேகம் வருகிறது. பிள்ளைகள் தாழ்ந்த குரலில் கதைத்தால் காது நீளுகிறது. ஆனால் அன்றிலிருந்து ஒன்றைப் பழகிக்கொண்டேன். யார்மேல் சந்தேகம் வருகிறதோ அவர் வீட்டுப் படியேறி, குடிக்கத் தண்ணீர் கேட்பேன். வாங்கி, அவர் முகத்தைப் பார்த்துக் குடிப்பேன். ஆண்டவர் ஒரு தடவையும் என்னைக் கைவிடவில்லை.

உங்களில் யாருக்காவது இப்படி ஒரு முகம் மனதுக்குள் இருந்தால் இன்றே அந்த வீட்டுக்குப் போங்கள். அவரை நம்ப முடியாவிட்டால் ஆண்டவரை நம்பிப் போங்கள். ஆனால் தாகத்தோடு போங்கள்.