யாரும் தன் பெயரைக் கொடுக்கவில்லை

கொழும்பில் நடக்கவிருந்த திறந்த மூல மென்பொருள் மாநாட்டுக்கு மலையகத்தில் பேச்சாளர் தேடும் வேலை என் தலையில் விழுந்ததற்கு ஒரே காரணம், என் வாய். அப்போது ஹட்டனில், தொலைபேசியும் இணையமும் வைத்திருந்த ஒரு கொமியுனிகேஷன் கடையில் இருந்தேன். கணினியைக் கழற்றிப் பூட்டியே கற்றுக்கொண்டவன். மாநாட்டில் தமிழுக்கென்று ஓர் அமர்வு ஒதுக்கியிருந்தார்கள். மலைநாட்டிலிருந்து ஓர் உரையாவது வராவிட்டால் அந்த அமர்வே கிடையாது என்றும் சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி கடைசி.

நோட்டீஸ் அடித்து ஒட்டினேன். பஸ் நிற்கும் இடமெல்லாம் இறங்கிப் பேசினேன். "இந்த மென்பொருளுக்கு உள்ள என்னா இருக்குன்னு யாரு வேணும்னாலும் பாக்கலாம், திருத்தலாம், அடுத்தவங்களுக்குக் குடுக்கலாம்" என்று நான் விளக்கியபோது, டிக்கோயாவில் பஸ்ஸுக்கு நின்ற ஒருவர், "அப்ப கோயில் அண்டா மாதிரின்னு சொல்லுங்க. யாரு வீட்டு விசேஷத்துக்கும் தூக்கிட்டுப் போகலாம். வெளக்கிக் குடுத்துரணும், அவ்வளவுதானே?" என்றார். அதற்குப் பிறகு போன இடமெல்லாம் நான் அண்டாவைத்தான் பேசினேன்.

அனுப்பப்படும் விண்ணப்பங்களின் பிரதி எனக்கும் வரும். வெள்ளிக்கிழமை மதியம் பெட்டியைத் திறந்தால் பல மின்னஞ்சல்கள். சந்தோஷத்தில் தேநீருக்குச் சொல்லிவிட்டு வாசிக்க உட்கார்ந்தேன். எல்லோரும் அடுத்தவர் பெயரைத்தான் எழுதியிருந்தார்கள். 'எங்கள் தேயிலைத் தோட்டத்து இன்னார் இதில் கெட்டிக்காரர், அவரைக் கூப்பிடுங்கள்.' அதில் இரண்டு பேர் ஒருவர் பெயரை ஒருவர் கொடுத்திருந்தார்கள்! பொகவந்தலாவையில் முன்பள்ளி நடத்தும் ஒரு டீச்சரை மட்டும், பிள்ளைகளின் கணினியில் தமிழை வரவைத்தவர் என்று மூன்று பேர் சொல்லியிருந்தார்கள்.

கொழும்புக்கு அழைத்தேன். ஏற்பாட்டாளர் யாழ்ப்பாணத்துக்காரர். "தம்பி, பேசுற ஆள்தான் தன்ர பேரில அனுப்ப வேணும். வேற ஆக்கள் சொன்னா எடுக்கேலாது. அஞ்சு மணியோட பூட்டுறம்" என்றார்.

தப்பு அவர்கள் மேல் இல்லை. தோட்டத்தில் கோயில் கமிட்டிக்கு ஆள் எடுக்கும்போது எவனும் தன் பெயரைத் தானே சொல்லமாட்டான். ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், பெயர் சொல்லப்பட்டவர் 'எனக்கு வேணாங்க' என்று இரண்டு தடவையாவது மறுப்பார், பிறகுதான் தலையாட்டுவார். அப்படிப்பட்ட சனத்திடம் போய், 'விரும்புவோர் தாமே விண்ணப்பிக்கவும்' என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறேன்.

பொகவந்தலாவை பஜாரில் இதேபோல் கடை வைத்திருந்த, எல்லோரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணனிடம், டீச்சரைக் கூப்பிட்டு வைக்கச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். ஒரு வளைவில் எதிரே தேயிலைக் கொழுந்து ஏற்றிய லொறி. பஸ் பின்னுக்கு நகர்ந்து நகர்ந்து வழிவிட்டது.

கடைக்குள் நுழையும்போது நான்கரை தாண்டிவிட்டது. கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகளின் அழைப்புக்காகப் பெண்கள் சிலர் வாங்குப் பலகையில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். டீச்சர் என்னைப் பார்த்ததும், "என்னண்ணே, கேத வீட்டுக்கு வந்த மாதிரி வாறீங்க?" என்றாள்.

"மூணு பேரு உங்க பேரச் சொல்லியிருக்காங்க டீச்சர். நீங்களே ஒரு மெயில் அனுப்பினாத்தான் எடுப்பாங்களாம்."

"நானே என் பேரக் குடுக்கிறதா? நாளைக்கு பீலியில தண்ணி புடிக்கப் போனா, 'இந்தா வாறா, தன் பேர தானே குடுத்துக்கிட்டவ'ம்பாங்க."

"கொழும்புல அப்படியெல்லாம் நெனைக்க மாட்டாங்க."

"கொழும்புக்காரங்க நம்ம பீலிக்குத் தண்ணி புடிக்க வரமாட்டாங்கண்ணே."

கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகு வாங்குப் பக்கம் திரும்பி, கமிட்டிக் கூட்டத்தில் பேசுவதுபோல் குரலை உயர்த்தினேன். "கொழும்புல ஒரு கூட்டம். கம்பியூட்டர்ல தமிழப் பத்திப் பேசணும். நம்ம டீச்சர் பேர நான் முன்மொழியிறேன்."

டீச்சர் என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள்.

"பொம்பளப் புள்ளய கொழும்புக்கா?" என்றார் ஓர் அம்மா. "வழி பூரா செக்பொயின்ட். அடையாள அட்டையில தோட்டத்து விலாசத்தப் பாத்தாலே எறக்கி வச்சிர்றாங்க."

அது பொய்யில்லை. வடக்குக் கிழக்கில் சண்டை மறுபடி தொடங்கியிருந்த காலம். என் முன்மொழிவு அங்கேயே செத்துவிட்டது என்று நினைத்தேன்.

ஓரத்தில் இருந்த இன்னொரு அம்மா எழுந்தார். "எம் பேத்தி பேரு அந்தப் பொட்டியில தமிழ்ல வருதுன்னா, இந்தப் புள்ளதான் செஞ்சிச்சு. போயிட்டு வரட்டும். நான் தொணைக்குப் போறேன். வழிமொழிஞ்சாச்சு, எழுதிக்கங்க."

"எனக்கு வேணாங்க" என்றாள் டீச்சர்.

நானா கடிகாரத்தைக் காட்டினார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். முறை முறைதான், இடையில் அவசரப்படுத்தக் கூடாது.

"வேற யாரையாவது போடுங்களேன்" என்றாள். இரண்டு.

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தலைப்பையும் நாலு வரிச் சுருக்கத்தையும் நிறுத்தாமல் தட்டினாள். எத்தனை நாளாக மனதில் வைத்திருந்தாளோ!

நானா இணையத்துக்கு இணைக்கப் போய், கையை எடுத்துவிட்டார். கடைக்கு இருந்தது ஒரே லைன். இணைத்தால் யாருக்கும் அழைப்பு வராது. வழிமொழிந்த அம்மாவின் மகன் கொழும்பிலிருந்து அந்த நேரத்தில்தான் அழைப்பு எடுப்பானாம்.

"போடுங்க நானா," என்றார் அந்த அம்மா, முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டே. "அவன் திரும்ப எடுப்பான்."

மோடம் கீச்சிட்டது, அறுந்தது, மறுபடி கீச்சிட்டது. ஐந்துக்குக் கொஞ்சமே இருந்தபோது, அனுப்பப்பட்டது என்று திரையில் விழுந்தது. நானா உடனே லைனை விடுவித்தார்.

சிறிது நேரத்தில் தொலைபேசி அடித்தது. அந்த அம்மா ஓடிப்போய் எடுத்தார். "டேய், சாப்பிட்டியா? ஆமாடா, லைன் கிடைச்சிருக்காது. நாங்கதான் புடிச்சு வச்சிருந்தோம். கேளு, நம்ம டீச்சர் அங்க பேச வருது. நாலு பேரக் கூட்டிக்கிட்டு வந்து முன் வரிசையில உக்காரு. புரியலைன்னாலும் கை தட்டு."