கஞ்சி போட்ட கட்டு

உக்கிரபாண்டிக்கு இடது கணுக்காலின் உள்பக்கம் ஒரு புண். ஆறுவேனா என்றது. மேலே பொருக்குத் தட்டும். ஆறிவிட்டதென்று அவர் நாலு பேரிடம் சொல்லி வாய் மூடுவதற்குள் ஓரத்தில் நீர் கசியும்.

அது சாதாரணக் கால் அல்ல. திருச்சுழிப் பக்கம் வானம் பார்த்த காட்டில் பிறந்து, மூன்றாம் வகுப்போடு சிலேட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, பாளையம்பட்டியில் அடுத்தவர் தறியில் நின்று நின்று, பிறகு சொந்தமாக எட்டு விசைத்தறி போட்ட கால். ஒருத்தர் கை கொடுத்துத் தூக்கிவிட்டதில்லை. நூலை விரலால் நிமிண்டிப் பார்த்தே ரகம் சொல்ல அருப்புக்கோட்டை வட்டாரத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

அவருடைய ஷெட்டில் நாற்காலியும் கிடையாது. உட்கார்ந்தவன் கண்ணுக்கு அறுந்த இழை தெரியாது என்பது அவர் போட்ட சட்டம். தானே முன்னால் நின்று அதைக் காப்பாற்றினார்.

மஞ்சள் அரைத்துப் பூசினார். வேப்பெண்ணெய் விட்டார். மருந்துக்கடையில் இருந்த களிம்பையெல்லாம் தடவினார். "எனக்குச் சக்கரை கிடையாது, பாத்துக்க" என்று பெருமை வேறு. அப்படியானால் ஏன் ஆறவில்லை என்று யாராவது கேட்டால், பேச்சை நூல் விலைக்குத் திருப்பிவிடுவார்.

கடைசியில் மனைவி சந்தனம்மாள்தான் டவுன் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். அங்கே ஆறாத புண்ணுக்கென்று தனி அறை இருந்தது. டாக்டர் ஸ்கேன் பார்த்தார். கட்டுப் போடுகிறவள் ஜெகதீஸ்வரி என்ற நர்ஸு. அந்த வேலைக்கென்றே தனியாகப் பயிற்சி எடுத்தவள்.

"அய்யா, புண்ணு வெளிய தெரியுது. கோளாறு உள்ள இருக்கு" என்றாள். "கால்ல எறங்குன ரத்தம் மேல ஏறணும்ல. நின்னு நின்னு அந்தக் குழாய்ல உள்ள வால்வு தளந்துபோச்சு. ரத்தம் தேங்கித் தேங்கித் தோலை அரிக்குது."

"அதுக்கு என்ன மருந்து?"

"இறுக்கமான கட்டுதான் மருந்து."

ஆனால் எடுத்த எடுப்பில் கட்டவில்லை. பாதத்தில் நாடி பிடித்து, சின்ன மிஷின் ஒன்றை வைத்து, கீழே இறங்குகிற ரத்தம் ஒழுங்காகப் போகிறதா என்று காது கொடுத்துக் கேட்டாள். அது சரியில்லாமல் இறுக்கினால் உள்ள காலும் போய்விடுமாம். பிறகு புண்ணைக் கழுவி, பஞ்சு வைத்து, விரல் அடியிலிருந்து முழங்கால்வரை, இழுத்தால் நீண்டு சுருங்குகிற மீள்துணியைச் சுற்றினாள். கணுக்காலில் இறுக்கம், மேலே போகப் போகக் கொஞ்சம் தளர்வு. அந்தக் கை இழுத்த இழுப்பைப் பார்த்து உக்கிரபாண்டிக்கு மதிப்பு வந்துவிட்டது. தறியில் பாவு நூல் இழுக்கத் தெரிந்த கை.

"ஒரே இடத்துல நிக்கக் கூடாது. நடங்க. நடக்காத நேரம் கால நெஞ்சுக்கு மேல தூக்கி வச்சுப் படுங்க."

"சரக்கு எடுக்க வாரவுக மூஞ்சிக்கு நேரா கால நீட்டச் சொல்றியா தாயி?"

டாக்டர் குறுக்கிட்டார். இதில் மூடாவிட்டால் தொடைத் தோலை எடுத்து ஒட்ட வேண்டும், மதுரையில் போய்ப் படுக்க வேண்டும். மகன்கள் இருவரும் திருப்பூரில். அப்படியென்றால் ஷெட்டுக்குப் பூட்டுத்தான்.

உக்கிரபாண்டி வாரா வாரம் போனார். புண் சுருங்கி, ஓரத்தில் இளஞ்சிவப்பு ஏறியது. அந்தச் சமயத்தில்தான் கட்டு நடுவாரத்தில் தளர்ந்து வழிய ஆரம்பித்தது. தளர்ந்தால் உடனே வரச் சொல்லியிருந்தாள் ஜெகதீஸ்வரி. அவருக்கோ துணி மேல் சந்தேகம். துணி விஷயத்தில் அவருக்கு இன்னொருத்தர் சொல்லித் தருவதா? துவைத்து வைத்திருந்த மாற்றுத் துணியை எடுத்தார். பாவு நூல் விறைக்கப் போடுகிற மாதிரி சோற்றுக் கஞ்சியைத் தோய்த்து, காயவைத்து, தானே கட்டிக்கொண்டார். கட்டு தகடு மாதிரி நின்றது.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பாராட்டுக் கிடைக்கும் என்று நினைத்துத்தான் போனார். ஜெகதீஸ்வரி கட்டைத் தட்டிப் பார்த்தாள். டொக்கென்றது.

"அய்யா, இதுல என்ன போட்டீக?"

"கஞ்சி."

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். கட்டைப் பிரித்தால், முழங்காலுக்குக் கீழே விளிம்பு அறுத்துப் புதிதாய் ஒரு சிவப்புக் கோடு. புண்ணின் ஓரம் ஊறி வெளுத்திருந்தது.

"அந்தக் கஞ்சிய எனக்கு ஊத்தியிருந்தா வயிறாச்சும் நெறஞ்சிருக்கும்" என்றாள் சந்தனம்மாள்.

"துணி தளந்துச்சு தாயி."

"துணி தளரல. உங்க கால் வீக்கம் வத்திருச்சு. நல்லதுக்குத்தான் கட்டு லூசாச்சு. வந்திருந்தா புதுசாக் கட்டிவிட்டிருப்பேன். நீங்க நடக்கையில கெண்டைச் சதை அமுங்கி ரத்தத்த மேல தள்ளணும். அதுக்குத் துணி இழுவையா இருக்கணும். தகடாட்டம் நின்னா எப்படி?"

அவர் வாழ்க்கையில் துணியைப் பற்றி இன்னொருத்தர் சொல்லி, அது சரி என்று தலையாட்டியது அன்றைக்குத்தான்.

"இனிக் கால தூக்கி வச்சுப் படுப்பீகளா?" என்றாள் ஜெகதீஸ்வரி.

"படுக்கேன்."

ஷெட்டுக்குள் கட்டில் போட்டார். தறியைப் பார்க்கக் கால் நீட்டுவது பாவம். அதனால் தலை தறிப் பக்கம், கால் தலையணை மேல் சுவர்ப் பக்கம். சரக்கு எடுக்க வந்த பாலவனத்தம் சங்கரலிங்கம் தலைமாட்டில் நின்று பேசிவிட்டுப் போனார். படுத்திருந்தபோதுதான் உக்கிரபாண்டி ஒன்றைக் கண்டுபிடித்தார். கண்ணே வேண்டாம். எந்தத் தறி தட்டுத் தவறுகிறது என்று சத்தமே சொன்னது.

"தங்கமாரி, கடைசித் தறியப் பாரு. நாடா இடிக்குது."

தறி ஓட்டுகிற தங்கமாரி ஓடிப் பார்த்தாள். ஊடு நூலைக் கொண்டு ஓடுகிற நாடா இடித்துக்கொண்டுதான் இருந்தது. அன்றிலிருந்து, நான் காதாலேயே எட்டுத் தறி ஓட்டுகிறவன் என்று பேச்சு.

புண் மூடிய அன்று ஜெகதீஸ்வரி கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் விரலால் தடவிப் பார்த்தாள். பட்டுப்போல் மெல்லிய தோல். மதுரைப் பயணம் இல்லை. ஆனால் இனித் தினமும் இறுக்கக் காலுறை போட வேண்டும், விட்டால் திரும்ப வரும் என்றாள். உக்கிரபாண்டி அதை வாங்கி விரலால் நிமிண்டினார்.

"பின்னல் சுமார்தான்."

"அய்யா, கஞ்சி கிஞ்சி..."

"மூச்சு விடமாட்டேன்."

வீடு திரும்பும் வழியில் கடையில் ஸ்டூல்கள் வாங்கி ஆட்டோவில் ஏற்றினார். படுத்துக் கிடந்த நாளில் தங்கமாரியின் கணுக்கால் சாயங்காலமானால் வீங்குவதையும், தோல் கறுத்திருப்பதையும் அவர் பார்த்து வைத்திருந்தார்.

ஷெட்டில் தங்கமாரி ஸ்டூலை ஒருமாதிரிப் பார்த்தாள். "உட்காந்தா இழை அறுந்தது தெரியாதும்பீகளே மொதலாளி?"

"உட்காரு. அதான் நான் காதால கேக்கேன்ல. நாளைக்கு எங்கூட ஆஸ்பத்திரிக்கு வா, அந்தப் பிள்ளை உன் கால ஒருக்காப் பாக்கட்டும்" என்றவர், கட்டிலில் சாய்ந்து இரண்டு கால்களையும் தலையணை மேல் தூக்கிப் போட்டுக்கொண்டார்.