பிணமாக நடிக்க வந்தவள்

நான் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு காவல் நிலையத்தில் தலைமைக் காவலர். போன தை மாதம் சினிமா படப்பிடிப்பு ஒன்றுக்கு என்னைப் பந்தோபஸ்துக்குப் போட்டார்கள். முறப்பநாட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, தாமிரபரணியில் ஒரு படித்துறை. குளிக்க வருகிற பெண்களைப் பக்கத்துத் துறைக்கு அனுப்ப வேண்டும். வேடிக்கை பார்க்க வருகிறவர்களைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை.

எடுத்துக்கொண்டிருந்தது கொலைப் படம். ஒருவன் வரிசையாகப் பெண்களைக் கொல்கிறான், ஒரு இன்ஸ்பெக்டர் அவனைத் துரத்திப் பிடிக்கிறார். உதவி இயக்குநர் ஒருவர், சென்னைக்காரர், கழி மாதிரி ஒல்லி, எனக்குக் கதையைச் சொன்னார்.

“படத்துல பொம்பள போலீசு உண்டுமா தம்பி?” என்று கேட்டேன்.

“இருக்காங்க மேடம். ஸ்டேஷன் சீன்ல ஒருத்தங்க டீ எடுத்துட்டு வருவாங்க.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபது வருஷத்துக்கு மேல் சர்வீஸ். டீயும் கொடுத்திருக்கிறேன், இல்லையென்று சொல்லவில்லை.

பிணமாக நடிக்க வந்தவள் உவரிக்காரி. இருபத்து மூன்று வயது இருக்கும். பாளையங்கோட்டையில் ஒரு செல்போன் கடையில் வேலை. லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, மூச்சை இழுத்துப் பிடித்துக் குப்புற மிதந்தாள். கடற்கரைப் பிள்ளை அல்லவா, அசையவே இல்லை. நாலு தடவை எடுத்தார்கள். கரையேறி, துண்டைப் போர்த்திக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. பிளாஸ்கில் நான் வைத்திருந்த சுக்குக் காப்பியைக் கொடுத்தேன்.

“இது எனக்கு மூணாவது பொணம்க்கா” என்றாள். “மொதப் படத்துல கெணத்துல கெடந்தேன். ரெண்டாவதுல கருவக்காட்டுல. ஒரு படத்துலயும் வாயத் தொறந்தது இல்ல.”

“வசனம் கேட்டுப் பாத்தியா?”

“கேட்டேன். ஒன் முகத்துக்கு நல்லா பரிதாபம் வருதுன்னு சொல்லுதாங்க.”

அடுத்த காட்சி, பிணத்தைப் படியில் கிடத்தி கதாநாயகன் வந்து பார்ப்பது. ஒல்லித் தம்பி வந்து அவளிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். அவள் முகம் மாறியது. என் பக்கம் குனிந்து சொன்னாள்: “அக்கா, சேலை வெலகிக் கெடக்கணுமாம். இவ்வளவு ஆளு பாக்கும்போது எப்படிக்கா?”

அது என் வேலை இல்லை. கயிற்றுப் பக்கம் நிற்பதுதான் என் வேலை. ஆனாலும் எழுந்து இயக்குநரிடம் போனேன். முப்பது வயது சொச்சம் இருக்கும், தொப்பி போட்டவர், மரியாதையாகத்தான் பேசினார்.

“சார், நெசத்துல இப்படி இருக்காது. பொம்பளையோட பிரேதம்னா கரையில போட்டதும் மொத வேல துணியப் போட்டு மூடுததுதான். ஆம்பளைங்க தள்ளி நிப்பாங்க. சுத்திச் சேலையப் பிடிச்சு மறைச்சுக்கிட்டு நாங்கதான் உள்ள இருந்து பாப்போம். காதுல என்ன கெடக்கு, கைல காயம் உண்டா, மடியில என்ன இருக்கு, எல்லாம்.”

“நீங்க பாத்திருக்கீங்களா மேடம்?”

பார்த்திருக்கிறேன். யாரிடமும் அதிகம் பேசியதில்லை, அன்றைக்கு ஏனோ சொன்னேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால், இதே ஆற்றில், வேறொரு ஊரில், நாற்பது வயதுப் பெண் ஒருத்தி. குடும்பத்தில் சண்டை, தானாகவே ஆற்றில் குதித்துவிட்டாள் என்று எல்லோரும் முடிவுகட்டி விட்டார்கள். அவள் முந்தானையில் ஒரு சின்ன முடிச்சு. ஈரத்தில் இறுகிப் போயிருந்தது. பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தேன். உள்ளே பாலித்தீன் காகிதத்தில் சுற்றிய மாத்திரை அட்டை. அன்றைக்குக் காலையில்தான் ஆஸ்பத்திரியில் வாங்கியது. ஒரு வாரத்துக்கான மாத்திரையில் ஒன்று மட்டும் தின்றிருந்தாள். சாகப் போகிறவள் மாத்திரை நனையக் கூடாது என்று பாலித்தீனில் சுற்றி முடிந்து வைப்பாளா? இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அங்கிருந்துதான் வழக்கே திரும்பியது. அவளை ஆற்றில் தள்ளிவிட்டவனுக்குத் தண்டனையும் கிடைத்தது. அறிக்கையில் ‘விசாரணையில் தெரிய வருகிறது’ என்று எழுதினார்கள். யாருக்குத் தெரிய வந்தது என்று எழுதவில்லை.

இயக்குநர் கண் பளபளவென்று ஆனது. “சூப்பர் மேடம்! இதை அப்படியே வச்சுக்கறேன். ஹீரோ குனியறாரு, முடிச்சைப் பாக்கறாரு…”

“சார்” என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. “அந்த முடிச்ச அவுத்தது நான்.”

கேமராக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். சொன்ன பிறகு பயமாகத்தான் இருந்தது. பந்தோபஸ்துக்கு வந்தவள் சண்டை போட்டாள் என்று ஸ்டேஷனுக்குப் போன் போனால் என்ன ஆகும்? அப்போது எனக்குப் பின்னால் ஒரு சத்தம்.

“சார், அந்தப் போலீசா நான் நடிக்கட்டுமா?”

துண்டைப் போர்த்திக்கொண்டு உவரிக்காரி நின்றாள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். இயக்குநர் சிரிக்கவில்லை. “அப்போ பிணம் யாரு?” என்று கேட்டார்.

“துணியப் போட்டு மூடியாச்சுன்னா யாரு கெடந்தா என்ன சார்? தண்ணியில குப்புறத்தான கெடந்தேன். மொகம் தெரிஞ்சிருக்காதுல்லா.”

அவர் எல்லோரையும் சாப்பாட்டுக்கு விட்டுவிட்டார். வேப்ப மரத்தடியில் தனியாக உட்கார்ந்து ஏதோ எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தார். நாங்கள் இருவரும் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தோம். சாப்பாடு முடிந்ததும் கூப்பிட்டார்.

“ஒரே ஒரு வசனம். சொல்லிடுவியா?”

“சொல்லிருவேன் சார்.”

உடைப் பெட்டியில் பெண் போலீஸ் சட்டையே இல்லை. டீ கொண்டு வருகிறவருக்கான உடுப்பு சென்னையில் இருந்ததாம். ஆண் சட்டை ஒன்றை முதுகுப் பக்கம் கிளிப் போட்டு இறுக்கினார்கள். கொண்டை நான் போட்டுவிட்டேன், ஒரு முடி வெளியே தெரியாமல். அவளுடைய ஈரச் சேலையைக் கட்டிக்கொண்டு துணிக்கு அடியில் படுத்தது ஒல்லித் தம்பி. படி சுடுகிறது என்று அவர் முனகியது கயிற்றுக்கு அந்தப் பக்கம் வரை கேட்டது.

“அக்கா, நீங்க அன்னைக்கு எப்படி நின்னீங்க?” என்று என்னிடம் கேட்டாள்.

“நிக்கலட்டி. முட்டி போட்டு உக்காந்தேன். மொத அவ கைய எடுத்து ஒழுங்கா வச்சேன்.”

அப்படியே செய்தாள். கேமரா ஓடும்போது அவள் நடித்ததாக எனக்குத் தோன்றவில்லை. முட்டி போட்டாள், கையை எடுத்து வைத்தாள், முடிச்சைப் பல்லால் அவிழ்த்தாள். பிறகு நிமிர்ந்து, “சார், இங்கன பாருங்க. சாகப் போறவ மாத்திரைய நனையாம முடிஞ்சு வப்பாளா?” என்றாள். எங்கள் ஊர்ப் பேச்சிலேயே சொன்னாள், யாரும் திருத்தச் சொல்லவில்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்கள் கை தட்டிவிட்டார்கள். சத்தம் விழுந்ததால் இன்னொரு தடவை எடுக்க வேண்டியதாயிற்று.

படம் ஆவணியில் வந்தது. திருநெல்வேலியில் மத்தியானக் காட்சிக்கு வீட்டுக்காரரையும் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். படத்தில் வேறு அதிசயம் ஒன்றும் இல்லை. கதாநாயகி கடத்தப்பட்டு அழுதுகொண்டே இருந்தாள், ஸ்டேஷனில் ஒரு பெண் டீ கொண்டு வரத்தான் செய்தாள். ஆனால் அந்தப் படித்துறைக் காட்சி முழுசாக இருந்தது. ஒரு நிமிஷம் இருக்கும். கதாநாயகன் சுற்றிப் பிடித்த மறைப்புச் சேலைக்கு வெளியே காத்துக்கொண்டு நின்றான். அவள் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டினான். ஒன்பதாவது படிக்கிற என் மகள் அந்தக் கொண்டையைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து, “எம்மா, இது நீதான?” என்றாள். அவள் அப்பா இருட்டில் எட்டி என்னைப் பார்த்தார். அவரிடம்கூட அந்த முடிச்சைப் பற்றி நான் சொன்னதில்லை.

அடுத்த மாதம் உவரிக்காரி போன் செய்தாள். அந்த ஒரு நிமிஷத்தைப் பார்த்துவிட்டு வேறொரு இயக்குநர் கூப்பிட்டிருக்கிறாராம்.

“பொணம் இல்லல்லா?”

“இல்லக்கா! வக்கீல். எட்டு எடத்துல வசனம். ஒங்களுக்குக் கோர்ட்டு டூட்டி என்னைக்குக்கா? நானும் வாரேன். பொம்பள வக்கீலுங்க எப்படிப் பேசுதாங்கன்னு பாக்கணும்.”

ஒரு புதன்கிழமை அழைத்துப் போனேன். பாளையங்கோட்டைக் கோர்ட்டில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். முன்னால் ஒரு வக்கீலம்மா, வயது ஐம்பதுக்கு மேல், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தார். குரலை உயர்த்தவே இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பைய அடுத்த கேள்வியைக் கேட்டார். சாட்சிக்கு வியர்த்தது.

உவரிக்காரி நோட்டைத் திறந்து எழுதத் தொடங்கினாள். என் பக்கம் திரும்பவே இல்லை. கைதியை அழைத்து வரக் கூப்பிட்டார்கள், நான் எழுந்து போனேன்.