உள்ளே சின்னவள், வெளியே பெரியவள்

எழுபதுகளின் பின்பாதியில் கரோல் பாகில், ஒரு வீட்டின் மொட்டை மாடியில் இருந்த ஒற்றை அறையில் குடியிருந்தோம். நானும் என் இரண்டு பெண்களும்தான். பெரியவளுக்கு ஒன்பது வயது, சின்னவளுக்கு நாலு. என் கணவர் ராணுவத்தில் கிளார்க். அந்த வருடம் அவரை வடகிழக்கு எல்லைப் பக்கம் போட்டிருந்தார்கள். குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாத இடம். நான் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்தேன்.

எங்கள் நாள் ஓடியதே கீழ்த்தளத்தில் இருந்த வீட்டுக்கார அம்மாளின் தயவில்தான். பஞ்சாபி. நான் அவரை பெஹன்ஜி, அதாவது அக்கா, என்று கூப்பிடுவேன். காலை ஆறரைக்கு நான் டூட்டிக்குக் கிளம்பும்போது சின்னவளைப் போர்வையோடு தூக்கிக்கொண்டுபோய் அவர் கட்டிலில் போட்டுவிடுவேன். பெரியவள் தானே தலை வாரிக்கொண்டு புசா ரோட்டில் இருந்த தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய், மத்தியானம் திரும்பி, தங்கையைக் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போய்ச் சோறு போடுவாள். மூன்று மணிக்கு நான் வந்துவிடுவேன். சின்னவள் பேசப் பழகியதே பெஹன்ஜியின் அடுப்படியில்தான். எங்கள் ஊர்த் தமிழ் திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழ். அது அவளுக்குக் காதில் விழும், புரியும், ஆனால் வாயில் ஹிந்திதான் முதலில் வரும்.

மார்ச் மாதம். டெல்லியில் அந்த மாதம் காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே இறங்க முடியாது. மத்தியானம் அதைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு வர வேண்டும். போடுவதா கழற்றுவதா என்ற குழப்பத்தில்தான் பிள்ளைகளுக்குச் சளி பிடிக்கும், அம்மை வரும், வார்டு நிரம்பும். ஒரு கட்டிலில் இரண்டு குழந்தைகளைப் போட்டிருந்தோம். ஹோலிக்கு இரண்டு நாள் முன்னால் சாயங்காலம் பெஹன்ஜி தன் மகளின் பிரசவத்துக்காக லூதியானா போய்விட்டார். ஹோலி முடிந்துதான் வருவேன் என்றார்.

ஹோலிக்கு முதல் நாளே பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள். நான் மேட்ரனிடம் போய் இரண்டு நாள் லீவு கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. டூட்டிப் பட்டியலை என் பக்கம் திருப்பி வைத்து, இதில் யாரை நான் வரச் சொல்லட்டும், நீயே சொல் என்றார். பாதிப் பேர் ஏற்கெனவே லீவில் இருந்தார்கள்.

ஆகவே ஹோலிக்கு முதல் நாள், முதல் முறையாகப் பிள்ளைகளைத் தனியாக விட்டேன். அதிகாலையில் பெரியவளை எழுப்பி எல்லாவற்றையும் சொன்னேன். "யாரு தட்டினாலும் திறக்காத. ஸ்டவ்வைத் தொடாத. பாப்பாவை மாடிச் சுவர்கிட்ட விடாத. மூணு மணிக்கு நான் வந்துருவேன்."

"மூணுக்குள்ள வந்துருவியா?" என்று கேட்டாள்.

"வந்துருவேம்ட்டி."

அன்றைக்கு என் இடத்துக்கு வரவேண்டிய நர்ஸ் இரண்டு மணிக்கு வரவில்லை. இரண்டரைக்கும் வரவில்லை. ஜன்னி கண்டு அரை மணி நேரம் முன்னால்தான் அடங்கியிருந்த ஒரு குழந்தையின் தாய் என் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டூட்டி அறையில் போன் இருந்தது. ஆனால் எங்கள் தெருவில் போன் இருந்தது ஒரு மருந்துக் கடையில் மட்டும்தான். அடித்துப் பார்த்தேன், மணி போய்க்கொண்டே இருந்தது. கடையைப் பூட்டிவிட்டார்கள் போல. வரவேண்டிய நர்ஸ் உடம்பெல்லாம் பச்சையும் சிவப்புமாக, அழுதுகொண்டு மூன்றரைக்கு வந்து சேர்ந்தாள். வழியில் பஸ்ஸை நிறுத்திச் சாயம் ஊற்றியிருக்கிறார்கள்.

நான் ஏறிய பஸ் பாதிவழியில் ஒரு கூட்டத்தைக் கண்டு வேறு பக்கம் திரும்பிவிட்டது. கண்டக்டரிடம் கெஞ்சினேன். "மைன் க்யா கரூன், பெஹன்ஜி?" என்றான். நான் என்ன செய்ய என்கிறான். அதுவும் சரிதானே. எங்கேயோ இறக்கிவிட்டார்கள். புசா ரோடு வழியாக ஓட்டமும் நடையுமாக வந்தேன். வீட்டுப் படி ஏறும்போது மணி நாலரை.

கதவைத் தட்டினேன்.

"கௌன்?" என்று சின்னவள் குரல்.

"அம்மாட்டி. திற."

"அக்கா நஹீ ஹை" என்றாள். அக்கா இல்லை. பிறகு தமிழில், "அக்கா உன்னைக் கூட்டிட்டு வரப் போச்சு. பாப்பா கதவைச் சாத்திக்கோன்னு சொல்லிச்சு."

கீழே தெருவில் பையன்கள் கூரைக்குக் கூரை கத்திக்கொண்டு தண்ணீர் பலூன் எறிந்துகொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்குள் ஒன்பது வயதுப் பெண் தனியாகப் போயிருக்கிறாள்.

முதலில் சின்னவளை வெளியே எடுத்துவிட்டு அவளையும் தூக்கிக்கொண்டு தேடப் போகலாம் என்று நினைத்தேன். "தாழ்ப்பாளைத் தூக்கு பாப்பா" என்றேன்.

"அது க்யா?"

"கதவுல இருக்குல்லா கம்பி, அதைத் தூக்கி இழு."

உள்ளே ஓடும் சத்தம் கேட்டது. பெட்டி திறக்கும் சத்தம். கொஞ்ச நேரத்தில் கதவுக்கு அடியில் இருந்த இடைவெளி வழியாக, நான் ஸ்வெட்டர் பின்னுகிற கம்பி ஒன்று வெளியே வந்தது. "இந்தா கம்பி" என்றாள். நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இன்னொன்றும் வந்தது.

எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். கொண்டி என்றேன், பூட்டு என்றேன், நீ எதைத் தள்ளினியோ அதைத் திருப்பித் தள்ளு என்றேன். அவள் கதவைத் தள்ளினாள். நான் குரலை உயர்த்தினேன். அவள் அழ ஆரம்பித்தாள்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு சர்தார்ஜி மேலே வந்தார். கரோல் பாகுக்கும் கன்னாட் பிளேஸுக்கும் நடுவே ஆள் ஏற்றிக்கொண்டு ஓடும் பெரிய மோட்டார் சைக்கிள் வண்டி உண்டு, ஃபட்ஃபட் என்பார்கள். அதை ஓட்டுகிறவர். விஷயத்தைச் சொன்னதும் தோளைக் கொடுத்துக் கதவில் ஓர் இடி இடித்தார். உள்ளே சின்னவள் வீறிட்டாள். கதவோடு கதவாக ஒட்டி நின்றிருக்கிறாள். தள்ளிப் போ, தள்ளிப் போ என்று நான் சொல்லச் சொல்ல, அம்மா குரல் இருக்கும் இடம் அது என்று இன்னும் ஒட்டிக்கொண்டாள். அவர் நிறுத்திவிட்டார்.

"இது இருக்கட்டும். இவள் பத்திரமாக உள்ளே இருக்கிறாள். பெரிய பொண்ணை நான் போய்ப் பார்க்கிறேன். என்ன நிறத்தில் ஃப்ராக் போட்டிருந்தாள்?" என்று ஹிந்தியில் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. நான் கிளம்பும்போது அவள் இரவு போட்ட பழைய கவுனில் இருந்தாள். பகலில் எதை மாற்றினாள், தலை பின்னியிருந்தாளா, காலில் செருப்பு இருந்ததா, ஒன்றும் தெரியாது. வார்டில் முப்பது குழந்தைகளின் ஜுரம் எத்தனை என்று பார்க்காமல் சொல்வேன். கதவடியில் குனிந்து, அந்தப் பக்கம் இருந்த நாலு வயதுக் குழந்தையிடம் கேட்டேன், "பாப்பா, அக்கா என்ன சட்டை போட்டிருந்தா?"

"பீலா வாலா" என்றாள் விசும்பிக்கொண்டே. மஞ்சள். சர்தார்ஜி இறங்கிப் போனார்.

நானும் போயிருக்க வேண்டும். போக எழுந்தேன். என் கால் அசைந்த சத்தம் கேட்டதும் சின்னவள் கத்திய கத்தலில் மறுபடி உட்கார்ந்துவிட்டேன். கதவுக்கு அடியில் என் விரல்கள் நுழையும் அளவு இடம் இருந்தது. நாலு விரலை உள்ளே நீட்டினேன். அவள் பிடித்துக்கொண்டாள். சில்லென்று இருந்தது அவள் கை. நான் இழுத்தால் இன்னும் இறுக்கினாள்.

அப்படியே தரையில் கிடந்தேன். கிறிஸ்தவர்களான எங்களுக்கு அது லெந்து காலம், ஈஸ்டருக்கு முந்தின நோன்பு. நாற்பது நாளும் காலையில் வெறும் வயிற்றோடு ஜெபம் பண்ணிவிட்டு வேலைக்குப் போகிறவள் நான். அந்த நேரத்தில் ஒரு வார்த்தை வரவில்லை. தெருவில் ஒவ்வொரு முறை கூச்சல் எழும்போதும் அது என் பிள்ளைதானோ என்று காதைத் தீட்டுவேன். உடனே உள்ளே இருப்பவள் இருமுவாள், அவள் பக்கம் மனசு ஓடும். பெரியவளைத் தேடிப் போனால் சின்னவள் பயத்திலேயே என்ன ஆவாளோ. சின்னவளோடு இருந்தால் பெரியவள். இரண்டு பெண்களைப் பெற்றவள் இரண்டாகப் பிளந்துகொள்ள முடியாது. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேனோ, சுவரில் வெயில் இறங்கிவிட்டது.

பிறகு படியில் சத்தம். சர்தார்ஜி முன்னால் வந்தார். அவருக்குப் பின்னால் என் மகள். மஞ்சள் ஃப்ராக் எங்கே தெரிகிறது. தலையிலிருந்து கால்வரை ஊதாவும் சிவப்பும். தலைமுடி ஈரத்தில் கன்னத்தோடு ஒட்டியிருந்தது. பற்கள் மட்டும் வெள்ளை, அவை குளிரில் அடித்துக்கொண்டிருந்தன.

எழுந்துபோய் அவள் கன்னத்தில் ஓர் அறை அறைந்தேன். ஏன் அறைந்தேன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

அவள் அழவில்லை. "நீ ஏன் நம்ம ஸ்டாப்ல இறங்கல?" என்று கேட்டாள். "எத்தனை பஸ் பார்த்தேன் தெரியுமா? எல்லாரும் பலூன் எறிஞ்சாங்க. நான் போனப்புறம் நீ வந்துட்டா தேடுவியேன்னு அங்கேயே நின்னேன்."

நான் எப்போதும் இறங்கும் பஸ் நிறுத்தத்தில் ஒன்றரை மணி நேரம் நின்றிருக்கிறாள். நான் அந்தப் பக்கம் வரவே இல்லை.

பிறகுதான் கதவை நினைத்தோம். "பாப்பாவுக்குத் திறக்கத் தெரியல" என்றேன். பெரியவள் என்னை ஒரு தரம் பார்த்துத் தயங்கினாள். கதவருகே குனிந்து, "பாப்பா, குண்டி ஊபர் உட்டா, ஃபிர் கீஞ்ச்" என்றாள்.

உடனே உள்ளே இரும்பு உரசியது. கதவு திறந்துகொண்டது.

ஹிந்தியில் கதவுக் கொண்டிக்கு அதுதான் சொல். அதை மேலே தூக்கி இழு என்று சொன்னாள், அவ்வளவுதான். கதவுக்கு வெளியே கிடந்த எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. தமிழில் அந்தச் சொல் உட்காரும் இடத்தைக் குறிக்கும் என்பதால், வீட்டுக்குள் அதைச் சொன்னால் வாயில் போடுவேன் என்று இரண்டு பேரையும் முன்பு நான் மிரட்டியிருந்தேன். அதற்குப் பதிலாகத் தாழ்ப்பாள் என்று சொல்லிக்கொடுக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. பெரியவள் என்னைத் தயங்கிப் பார்த்தது அதனால்தான்.

சின்னவள் என்னைத் தாண்டி ஓடி அக்காவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவள் முகத்திலும் ஊதா ஒட்டிக்கொண்டது. சர்தார்ஜி தலையைத் திருப்பிக்கொண்டு கீழே இறங்கினார்.

தண்ணீர் சுட வைத்துப் பெரியவளைக் குளிப்பாட்டினேன். சாயம் போகவே இல்லை. தேய்க்கத் தேய்க்கத் தோல்தான் சிவந்தது. முதுகில் பலூன் பட்ட இடம் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றியிருந்தது. தொட்டால் உடம்பைச் சுருக்கினாள். நான் அறைந்த கன்னம் எது என்று அந்தச் சாயத்தில் எனக்குத் தெரியவில்லை. தலையில் தண்ணீர் ஊற்றும்போது கண்ணை மூடிக்கொண்டே, "நாளைக்கும் டூட்டியா?" என்றாள்.

"ஆமாட்டி."

வேறு ஒன்றும் அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் ஹோலி. பஸ் மத்தியானத்துக்கு மேல்தான் ஓடும். ஊர் எழுவதற்குள் சர்தார்ஜி தன் ஃபட்ஃபட்டில் எங்கள் மூவரையும் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டார். எனக்கு வேறு வழி தோன்றவில்லை. பிள்ளைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள் என்று எனக்கு நன்றாகவே தெரியும். எத்தனையோ தாய்மாரிடம் நானே அந்தச் சட்டத்தைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். வாசல் காவலாளி என்னிடம் அதையே சொன்னார். ஆனால் உள்சுவரை ஒட்டி, இலவ மரத்தடியில் இருந்த பெஞ்சைக் காட்டி, அங்கே இருக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

மாடி வராந்தாவிலிருந்து அந்த பெஞ்சு தெரியும். ஊசி போட்டுவிட்டு ஒரு முறை, மருந்து கொடுத்துவிட்டு ஒரு முறை என்று வந்து எட்டிப் பார்ப்பேன். மரம் முழுக்கச் சிவப்புப் பூ. இலை ஒன்றுகூட இல்லாததால் நிழலும் இல்லை. ஒன்பது மணிக்குப் பெரியவள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பத்தரைக்குத் தங்கையின் ஸ்வெட்டரைக் கழற்றினாள். ஒரு தரம் சின்னவள் மேலே பார்த்துக் கையை ஆட்டினாள். நான் கையை ஆட்டுவதற்குள் வார்டுக்குள்ளே ஒரு குழந்தை "சிஸ்டர்" என்று கூப்பிட்டது. திரும்பி வந்து பார்த்தபோது இருவரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு இரண்டு மணிக்கு விட்டுவிட்டார்கள். கீழே ஓடினேன். சின்னவள் அக்காவின் மடியில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வெயில் அவள் முகத்தில் படாமல் பெரியவள் புத்தகத்தைப் பிரித்துக் குடைபோலப் பிடித்திருந்தாள். காது மடல்களில் இன்னும் ஊதா.

"வா போவம்" என்றேன்.

"எந்திரிக்க முடியலம்மா. கால் மரத்துப் போச்சு" என்றாள். "அசைஞ்சா முழிச்சிருவா."

சின்னவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன். பெரியவள் பெஞ்சைப் பிடித்து எழுந்து, ஒரு காலை ஊன்ற முடியாமல் என் மேல் சாய்ந்துகொண்டாள். மூவருமாக அப்படியே மெல்ல நடந்து பஸ் நிறுத்தத்துக்குப் போனோம். அங்கே வேறு யாரும் இல்லை. ரோடு முழுக்கச் சாயத் தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது.

"பஸ் வருமா?" என்று கேட்டாள்.

"வரும்" என்றேன்.