எத்திராஜின் வலது காது

ராயபுரம், காலை ஒன்பதரை. மந்தைவெளியிலிருந்து பாரிமுனைக்கு ஒரு பேருந்து, அங்கிருந்து இன்னொன்று. இறங்கியபோது கடல் கண்ணில் படவில்லை. கருவாடு, டீசல், ஈரவலை என்று அதன் வாசனைதான் முதலில் வந்து விசாரித்தது. இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டின் ஆடிக் காற்று லாரித் தூசியை வாரி வாரி என் சட்டைப் பையில் போட்டது.

எத்திராஜ் காத்திருந்தான். ஒரு காலத்தில் இருவரும் தண்டையார்பேட்டையில் தகர டப்பா அடிக்கும் பட்டறையில் வேலை பார்த்தோம். எங்கும் நிலைகொள்ளாத நான் மழைக்காலம் முடிவதற்குள் ஓடிவிட்டேன். அவன் நின்றான். தகரச் சத்தத்தில் அவனுடைய வலது காது அங்கேயே போனது.

"சாய்ங்காலம் சாமி மௌனத்துல பூடறாரு மாமு. அப்பால வாயே தொறக்க மாட்டாரு. அதுக்குள்ள எண்ணூர் போயாவணும். நீதான் கவித எய்தற ஆளு, நீ பேசு."

விஷயம் இதுதான். தை மாதம் எண்ணூர்ச் சாமியிடம் எத்திராஜ் தீட்சை வாங்கினான். மந்திரத்தைக் காதில் ஒரே ஒரு முறைதான் சொல்வார்கள். எழுதக் கூடாது, திருப்பிக் கேட்கக் கூடாது, பெண்டாட்டியிடம்கூட மூச்சு விடக் கூடாது. அதுவும் வலது காதில்தான் சொல்ல வேண்டும்.

"கேக்காத காதையாடா குடுத்தே?"

"சம்பிரதாயத்த மீற முடியுமா?"

ஏதோ கேட்டதாம். அன்றிலிருந்து அதையே ஜெபித்துவந்தான். ரத்தக் கொதிப்பு இறங்கியது, வீட்டில் சண்டை நின்றது. இப்போது திடீரென்று பயம்: கேட்டது சரியான சொல்தானா? இல்லையென்றால் தான் இத்தனை நாளும் யார்?

பத்து மணி. பார்சிகளின் அக்கினிக் கோயிலைக் கடந்தோம். உள்ளே அணையாத நெருப்பு. நமக்கு வெளிக்கதவு வரைதான் அனுமதி. அடுத்து ஒரு தர்கா. எத்திராஜுக்குப் பழக்கமான பாய் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தார்.

"எங்கள்லயும் குரு காதுல சொல்ற பேரு கீது நைனா," என்றார். "நீ இன்னா ஓதறே, அத்த சொல்லு மொதல்ல."

"அது ரகசியம் பாய்."

"அப்ப என்னாண்ட இன்னாத்துக்கு வந்தே?"

ஷேர் ஆட்டோவில் திருவொற்றியூர், தலைக்கு ஐந்து ரூபாய். என் மடியில் பாதி எத்திராஜ், மீதி ஒரு மீன் கூடை. விம்கோ நகர் தாண்டிப் பேருந்து. வழி முழுக்க அவன் உதடுகள் அசைந்துகொண்டே வந்தன.

எண்ணூர், நண்பகல். ஒரு பக்கம் கடல். மறு பக்கம் வால் தெரியாத கன்டெய்னர் லாரி வரிசை. சாமி முன்னாள் கிரேன் ஓட்டுநர். காவி வேட்டி, காலில் பழைய கம்பெனி பூட்ஸ். டீக்கடை பெஞ்சில் இருந்தார்.

நான் தொண்டையைச் செருமினேன். "சாமி, சொல்லுக்கும் மௌனத்துக்கும் நடுவிலே..." எத்திராஜ் என்னை நகர்த்திவிட்டு அவர் காதருகே குனிந்து கிசுகிசுத்தான். காது மந்தமானவனின் கிசுகிசுப்பு. டீக்கடை முழுக்கக் கேட்டது.

"ஒயுங்கா குந்து!"

"இன்னாது?"

"நீ குட்த்த மந்திரம் சாமி."

சாமி தாடியைத் தடவினார். "டேய், அன்னிக்கு நீ ஆடிக்கினே இருந்தே. மந்திரம் சொல்றதுக்கு முந்தி ஒயுங்கா குந்துன்னேன். நீ சடார்னு கால்ல வுயுந்து, அய்துகினே எய்ந்து பூட்டே. அத்தோட இப்பதான் உன்னப் பாக்கறேன்!"

டீ மாஸ்டர் சிரித்தார். நானும்தான்.

"அப்ப... எனக்குத் தீட்சையே ஆவலியா?" என்றான் எத்திராஜ். அந்தக் குரலைக் கேட்டதும் மாஸ்டர் பாய்லர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாமி எழுந்து அவனுடைய இடது பக்கம் வந்தார்.

"வலதுதானே சாமி சம்பிரதாயம்?"

"அப்ப என்னப் பாத்துத் திரும்பிக் குந்து. இப்ப எந்தக் காது என் வலப்பக்கம் கீது? சரியாப் பூச்சு." பிறகு என்னிடம்: "கவிதக்காரரே, காதப் பொத்திக்கோ."

பொத்தினேன். சொல் தேடியே செருப்புத் தேய்ந்த ஆள் நான். உதட்டைப் படித்துவிடுவேனோ என்று கண்ணையும் மூடிக்கொண்டேன். உள்ளங்காலில் லாரிகளின் நடுக்கம் மட்டும் மிஞ்சியது.

எத்திராஜ் தோளைத் தட்டினான். கன்னம் ஈரமாக இருந்தது.

"கேட்டுச்சா?"

"சோக்கா கேட்டுச்சு."

"பழச என்ன பண்ணப்போற?"

"அதான் டீக்கடைக்கே தெரிஞ்சு பூச்சே. ரத்தக் கொதிப்புக்கு நல்லா வேல செய்யுது. நீ வெச்சிக்கோ மாமு."

மூன்று மணிக்குக் கிளம்பினேன். எங்கள் பேட்டையில் மந்திரங்களைக் கேசட்டில் அடைத்து, விடியலிலேயே தெருவுக்கெல்லாம் போட்டுக் காட்டுகிறோம். யாரும் தலை நிமிர்வதில்லை. இங்கே ஒருவன் ஒற்றைச் சொல் தப்பிவிட்டதோ என்று தூக்கமிழந்திருக்கிறான். எனக்குக் கிடைத்ததும் குறைந்த சரக்கில்லை. முப்பது வருடமாக என் மனைவி வேறு வார்த்தைகளில் சொல்லிவருவதுதான் அது.

எண்ணூர் பேருந்தில் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, பாரிமுனை வரை நின்றபடியே ஜெபித்துக்கொண்டு வந்தேன்.